மூன்று மாதம் கட்டாமல் விட்டிருந்தால்

2018இல் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அந்த வருட நடுப்பகுதியில் ஊரில் ஒரு கதை பரவியது: கிழமைக் கடன் எல்லாத்தையும் அரசாங்கம் வெட்டப்போகுதாம். எங்கள் குழுவில் ஒருவருடைய சித்தி அதைக் கேட்டவுடன் அலுமாரிக்குள் இருந்த கடன் கொப்பிகள், பற்றுச்சீட்டுகள், கையெழுத்து வைத்த தாள்கள் எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டி வைத்தா. மூன்று கொம்பனியில் மூன்று கடன். முதலாவதைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது.

கதை முழுப் பொய்யும் இல்லை. அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்த திட்டம் உண்மையாகவே இருந்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் நிதிக் கம்பனிகளிடம் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு பொறுப்பேற்கும். எங்கட மாவட்டமும் அதற்குள் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. 2018 ஜூன் 30ஆம் திகதியளவில் அந்தக் கடன் மூன்று மாதத்துக்கு மேல் கட்டுப்படாமல் நிலுவையில் இருக்கவேண்டும்.

சித்தி ஒரு கிழமையும் விட்டதில்லை. ஆடு வித்துக் கட்டினா. தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினா. அதுவும் ஏலாமல் போன இரண்டு தடவை, குழுவில் இருந்த மற்றப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவவுக்காகக் கட்டினவை. பணம் அறவிட வருகிற தம்பியிடம் விசாரித்தபோது அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட கணக்கு கிளீனா இருக்கு அக்கா, உங்களுக்கு வராது" என்றார். நல்ல செய்தி சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாராம்.

"மூண்டு மாசம் கட்டாமல் விட்டிருந்தா எனக்கும் வெட்டியிருப்பினம்" என்று சித்தி இன்றைக்கும் சொல்லுவா. கோபமாகக்கூட இல்லை, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் சொல்லுகிற மாதிரி.

கம்பஸுக்கு வந்து சமூக வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான், இது சித்திக்கு மட்டும் நடந்த தலைவிதி இல்லை என்று விளங்கியது. கடன்பட்டவர் சட்டப்படி விடுதலை கேட்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எங்கட நாட்டுக்கு அது இங்கிலாந்து வழியாக வந்தது. அந்த வரலாற்றைத் தேடிக்கொண்டு போனபோது எங்களை நிறுத்தி வைத்தது ஒரு பன்னிரண்டு வயதுப் பெடியனின் மணிக்கூடு.

பெடியனின் பெயர் சார்ள்ஸ் டிக்கன்ஸ். பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியர். 1824இல் அவருடைய தகப்பன் ஜோன் டிக்கன்ஸ், ஒரு பேக்கரிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண் 10 ஷில்லிங் கடனுக்காக லண்டனில் மார்ஷல்சீ என்ற கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர் வழக்கு வைத்து ஆளை உள்ளே போடலாம். உள்ளே இருக்கிறவர் உழைத்துக் கட்ட முடியாது என்பது யாருக்கும் தெரியாத விசயமில்லை. வெளியே இருக்கிற சொந்தபந்தம் அவமானம் தாங்காமல் எங்கேயாவது புரட்டிக் கொண்டுவந்து கட்டும் என்பதுதான் கணக்கு. தாயும் சின்னப் பிள்ளைகளும் போக்கிடம் இல்லாமல் அந்தச் சிறைக்குள்ளேயே போய் இருந்தார்கள். சார்ள்ஸ் சப்பாத்து மைப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிற வேலைக்குப் போனார்.

வெளியே வர ஒரு சட்டவழி இருந்தது. 1813இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, வசதியற்ற கடன்காரர் இதற்கென்றே அமைக்கப்பட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, இருப்பதை ஒப்படைத்துவிட்டு விடுதலை கேட்கலாம். அதற்கு முதலில் அவர் சிறையில் இருக்கவேண்டும். அடுத்ததாக, அவரும் குடும்பமும் வைத்துக்கொள்ளும் உடுப்பு, சொந்தப் பொருட்களின் பெறுமதி 20 பவுணுக்கு மேல் போகக்கூடாது. இதைப் பார்க்க ஒரு மதிப்பீட்டாளர். சார்ள்ஸும் போட்டிருந்த உடுப்போடு அவரிடம் போய் நிற்கவேண்டி வந்தது. வேலைத்தலத்தில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போனார். பொக்கற்றில் அம்மம்மாவோ அப்பம்மாவோ, யாரோ ஒரு பாட்டி கொடுத்த பெரிய வெள்ளி மணிக்கூடு. இதை எடுத்துப் பார்த்தால் கணக்கு 20ஐத் தாண்டிவிடுமோ, அப்பா உள்ளேயே இருந்துவிடுவாரோ என்ற பயம். மதிப்பீட்டாளர் வாய் நிறையச் சாப்பாட்டோடு வெளியே வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி போ என்று விட்டுவிட்டார். இதெல்லாம் டிக்கன்ஸ் வளர்ந்த பிறகு எழுதி, நண்பர் ஜோன் ஃபோர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளிவந்தது. தகப்பன் உள்ளே போய் மூன்று மாதமளவில், மே கடைசியில் வெளியே வந்தார்.

மூன்று மாதம் என்ற இடத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தற்செயல்தான். ஆனாலும்.

அதே காலத்து இங்கிலாந்தில் வேறொரு கதவும் இருந்தது, அது வியாபாரிகளுக்கு. நாங்கள் ஊரில் வங்குரோத்து என்று சொல்லுகிறோமே, அந்த அந்தஸ்தைச் சட்டப்படி பெறுவது ஒரு சலுகை என்று சொன்னால் நம்புவீர்களா? 1571ஆம் ஆண்டுச் சட்டம் வணிகம் செய்கிறவர்களை மட்டுமே வங்குரோத்தானவர்களாக ஏற்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒத்துழைத்துச் சொத்தைக் காட்டிய வியாபாரிக்கு மிச்சக் கடனில் இருந்து முழு விடுதலையும் கிடைக்கத் தொடங்கியது. வியாபாரம் என்றால் கப்பல் தாழும், சந்தை விழும், அது அவருடைய குற்றமில்லை என்ற எண்ணம். சம்பளக்காரன், கூலிக்காரன், விதவை கடன்பட்டால் அது ஒழுக்கக்கேடு. வியாபாரி அல்லாதவர்களுக்கும் அந்தக் கதவு திறக்க 1861 ஆனது. 1571இல் இருந்து எண்ணிப் பாருங்கள், 290 வருடம்.

இடையில் ஒரு பகிடியும் நடந்தது. 1849ஆம் ஆண்டுச் சட்டம் வங்குரோத்தானவர்களுக்குக் கொடுக்கிற சான்றிதழை மூன்று வகுப்பாகப் பிரித்தது. தவிர்க்கமுடியாத நட்டத்தால் விழுந்தவருக்கு முதலாம் வகுப்பு, ஓரளவு தன் பிழை உள்ளவருக்கு இரண்டாம் வகுப்பு, முழுக்கத் தன் பிழை என்றால் மூன்றாம் வகுப்பு. எங்கட டிகிரி மாதிரி. வங்குரோத்தில் ஃபெர்ஸ்ட் கிளாஸ் எடுத்த ஆட்கள் அதை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்களா தெரியாது. 1861இல் இந்த வகுப்புப் பிரிப்பை விட்டுவிட்டார்கள்.

1869இல் கடனுக்குச் சிறை என்பது பொதுவாக ஒழிக்கப்பட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதே சட்டத்தில் ஒரு ஓட்டை விடப்பட்டது. கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை என்று நீதிபதி நினைத்தால் ஆறு கிழமை வரை உள்ளே போடலாம். தவணைக்குச் சாமான் வாங்கிய தொழிலாளிகள்தான் இந்த ஓட்டைக்குள் விழுந்தார்கள், ஆயிரக்கணக்கில். பெரிய வியாபாரி கடனைத் துடைத்துவிட்டு அடுத்த கடையைத் திறக்கும்போது, கிழமைக்கு ஒரு ஷில்லிங் கட்டாத தொழிலாளி சிறைக்குப் போனார். 1970 வரைக்கும் அந்த வழி பெரும்பாலும் அப்படியே இருந்தது.

இனி இங்கே வருவோம்.

இலங்கைக்கு வங்குரோத்துச் சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாக வந்தது. கோப்பி விலை ஏறி விழுந்துகொண்டிருந்த காலம். 1840களின் கடைசியில் கோப்பிச் சரிவில் பல தோட்ட முதலாளிகள் விழுந்திருந்தார்கள். விழுந்தவர் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, சொத்தை ஒப்படைத்து, கடன் கொடுத்தவர்கள் பங்கிட்டுக்கொண்ட பிறகு சான்றிதழ் பெற்று வெளியே வரலாம். அறிவித்தல்கள் அரசாங்க வர்த்தமானியில் வந்தன. சட்டத்தில் இன்ன சாதி, இன்ன தொழில், இன்ன வருமானம் உள்ளவர் விண்ணப்பிக்கக்கூடாது என்று எழுதத் தேவையே இருக்கவில்லை. ஆங்கிலம், புரொக்டர், முத்திரைச் செலவு, நீதிமன்றத்துக்குப் போக வர நாட்கள், பங்கிடுவதற்கு ஏதாவது சொத்து. இவ்வளவும் இருந்தால் கதவு திறந்துதான் இருந்தது.

இதற்கு ஒரு வருடம் முந்திய 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வழக்கு வைத்து அறவிடக்கூடிய வட்டி ஒருபோதும் முதலை மிஞ்சக்கூடாது. ரோமன் டச்சுச் சட்டத்தில் இருந்து வந்த விதி. முதல் முறை வாசித்தபோது எங்களுக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகு சித்தியின் ஷொப்பிங் பையை யோசித்தோம். பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக்கடன் எடுத்தால், அந்த வட்டி புதுக்கடனில் முதலாகிவிடுகிறது. மூன்று கொப்பி இருக்கிற வீட்டில் எது முதல், எது வட்டி என்று எந்த நீதவான் பிரித்துக் காட்டுவார்?

அதே கோப்பிக் காலத்தில், பிறகு தேயிலைக் காலத்தில், மலையகத்தில் கடன் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் 1853ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று விளங்கும். தென்னிந்தியாவில் இருந்து வந்த தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அவர் பெயரில் பதிவு. சம்பளம் மாதக்கணக்கில் பிந்தும், அதற்கிடையில் அரிசிக்கும் கடன். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைக்குப் போகலாம்.

வேறு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால் துண்டு வேண்டும். இது எங்கட தமிழ்ச்சொல், அப்படியே ஆங்கில ஆவணங்களுக்குள் போய்விட்டது. இந்தக் கங்காணியும் ஆட்களும் இவ்வளவு ரூபா கடன், அந்தத் தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற தாள். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கட்டிய தொகை புதுத் தோட்டத்தில் தொழிலாளிகளின் கடனாக மறுபடியும் எழுதப்படும். கங்காணி இடையில் கூடுதல் முற்பணம் வாங்கினால் கடன் இன்னும் ஏறும். தன் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்று தொழிலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆள் நடந்து போகப் போகக் கடனும் பின்னாலேயே நடந்து வந்தது. எங்கட சித்தியின் மூன்று கொப்பியும் இதுதானே என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவ்வளவு லேசாக ஒப்பிடக்கூடாது என்று இன்னொருவர் மறுத்தார். சித்தியை யாரும் சிறையில் போடமாட்டார்கள், அவவின் கடனைக் காட்டி அவவை வேறு முதலாளிக்குக் கைமாற்றவும் முடியாது. மறுத்தவர் சொன்னது சரிதான். ஆனால் கடன் குறையாமல் இடம் மட்டும் மாறுகிற விதம் ஒன்றுதான்.

1919இல் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை ஆரம்பித்தார். துண்டு முறைக்கும் தொழிலாளரைச் சிறையில் போடுகிற சட்டத்துக்கும் எதிரான குரல் அந்தக் காலத்தில் கூடியது, இந்திய அரசாங்கத்தின் பக்கமிருந்தும் அழுத்தம் வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. முற்பணமும் கங்காணியும் அடுத்த நாளே மறைந்துவிடவில்லை. ஆனால் இந்த இடத்தில் நாங்கள் கவனித்தது வேறு. துண்டில் இருந்து விடுபட எந்தத் தொழிலாளியும் விண்ணப்பப் படிவம் நிரப்பவில்லை. நீ நல்ல கடன்காரனா, கெட்ட கடன்காரனா, உன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு முறையே பிழை என்று சொல்லி, முறையை நிறுத்தினார்கள். இந்த வரலாற்றில் நாங்கள் பார்த்த வரைக்கும் அப்படி நடந்தது குறைவு.

1930களின் உலகப் பொருளாதாரச் சரிவில் கதை மறுபடி படிவத்துக்குத் திரும்பியது. விளைபொருள் விலை விழுந்தது, கடன் மட்டும் பழைய விலையில் நின்றது. மதராஸ் மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, பழைய கடன்களில் நிலுவையில் இருந்த வட்டியை வெட்டியது. துணிச்சலான சட்டம். ஆனால் விவசாயி என்றால் யார்? விற்கக்கூடிய உரிமை ஏதாவது ஒரு விவசாய நிலத்தில் உள்ளவர். அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் விவசாயி இல்லை.

இலங்கையில் 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழு கிராமக் கடன் நிலவரத்தையும் பார்த்தது. செட்டிமாரின் கடன் சுருங்கிப்போன காலம் அது. பிறகு 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தால் கடன் இணக்கச் சபை உருவானது. நீதிமன்றம் மாதிரி இல்லாமல், கடன் கொடுத்தவரையும் பட்டவரையும் கூப்பிட்டு இருத்தி, இவ்வளவு வட்டியை விடுங்கோ, இவ்வளவு வருடத்தில் கட்டுங்கோ என்று இணக்கம் பேசுகிற சபை. இன்றைக்கும் நீதி அமைச்சின் கீழ் இருக்கிறது. காணியை ஈடு வைத்து, அல்லது குறித்த காலத்துக்குள் மீட்கலாம் என்ற நிபந்தனையோடு உறுதி எழுதிக்கொடுத்துக் கடன் எடுத்த ஆட்கள், காணி கைவிட்டுப் போகுமுன் இங்கே விண்ணப்பிக்கலாம். பல குடும்பங்களின் வளவைக் காப்பாற்றிய சபை இது, குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. எங்கட ஆட்கள் பலருக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது, தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆனால் சித்தி அங்கே போகமுடியாது. அவவிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி, அதை யாரும் ஈட்டுக்கு எடுக்கவும் இல்லை. அவவின் கடனுக்குப் பிணை காணி இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்கள்.

நுண்கடன் இயங்குகிற விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனெண்டால் 2018இல் என்ன பிழைத்தது என்பது அதற்குள்தான் இருக்கிறது. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு கொம்பனிகள் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தன. வீடு, மலசலகூடம், கிணறு, மாடு, கோழி, கடை எல்லாத்தையும் ஆட்கள் ஒரே நேரத்தில் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்த நேரம். நகை, உறுதி, சம்பளச் சீட்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஐந்தாறு பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஒரு வீட்டில் சென்டர் கூடும், எல்லாரும் கட்டி முடியுமட்டும் யாரும் எழும்பமுடியாது. சில இடங்களில் அறவிட வருகிறவர் பொழுதுபட்ட பிறகும் வீட்டு முற்றத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தும், வைப்புப் பணம் பெறாமல் கடன் மட்டும் கொடுக்கிற நிறுவனங்கள் அதன் பிடிக்கு வெளியேதான் நின்றன. 2018 செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில இடங்களில் வட்டி 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார்.

இப்போது அந்த நிபந்தனையை இதற்குள் வைத்துப் பாருங்கள். மூன்று மாதம் நிலுவையில் இருக்கவேண்டும். ஒரு பெண்ணால் கட்டமுடியாமல் போனால் மற்றவர்கள் கட்டிவிடுகிறார்கள். ஆக, கொப்பியில் நிலுவை விழாது. இன்னொரு கொம்பனியில் எடுத்துக் கட்டினால், அதுவும் நிலுவை இல்லை. கொடியை அடகு வைத்தால், நிலுவை இல்லை. குழுப்பிணை ஒழுங்காக வேலை செய்த இடத்தில்தான் பெண்கள் மிக மோசமாக நொந்துபோனார்கள், அந்த இடத்தில்தான் கணக்கு கிளீன். கஷ்டத்தை அளக்கவேண்டிய கோல், கஷ்டம் மறைக்கப்பட்ட புத்தகத்தையே பார்த்தது. அந்தப் புத்தகமும் கடன் கொடுத்தவரின் கையில்.

திட்டத்தால் பயன்பட்டவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கக்கூடாது. வருட வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு என்ற முடிவும் அந்தக் காலத்தில்தான் வந்தது. நிபந்தனை போட்டவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. காசுக்கு எல்லை இருக்கும்போது ஒரு கோடு கீறத்தான் வேண்டும் என்று எங்கட பொருளியல் நண்பர் சொல்லுவார். சரி, கீறுங்கள். ஆனால் எங்கே கீறுவது என்று கேட்பதற்கு ஒரு சென்டர் கூட்டத்தில் ஒரு நாள் போய் இருந்தாலே போதுமாயிருந்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குரக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2018இல் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அதுவே பதில். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அவர்கள் கதைத்தது சித்தியின் கதைதான்.

நல்ல நிவாரணச் சட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டு மறுபடி இங்கிலாந்துப் பக்கம் பார்த்தோம். அங்கே 2009 ஏப்ரலில், சொத்தில்லாத குறைந்த வருமானக்காரருக்கு என்றே கடன் நிவாரணக் கட்டளை என்ற ஒன்று நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் ஒருவர் ஊடாக விண்ணப்பம் போகும். ஏற்றுக்கொண்டால் 12 மாதத்துக்குக் கடன்காரர் தொடமுடியாது, நிலைமை மாறாவிட்டால் அந்த முடிவில் கடன் இல்லாமல் போகும். ஆரம்பத்தில் மொத்தக் கடன் 15,000 பவுணுக்கு மேல் இருக்கக்கூடாது, சொத்து 300 பவுணுக்கு மேல் இருக்கக்கூடாது, செலவு போக மாதம் 50 பவுணுக்கு மேல் மிஞ்சக்கூடாது. விலைவாசியைப் பார்த்தால் இந்த 300, டிக்கன்ஸ் காலத்து 20 பவுணை விட மிகக் குறைவு. ஆனால் அன்றைக்கு மாதிரி உடுப்பையும் வீட்டுச் சாமானையும் எண்ணுவதில்லை, அது பெரிய வித்தியாசம்.

விண்ணப்பக் கட்டணம் 90 பவுண். மாதம் 50 பவுண் மிஞ்சாதவர் என்று நிரூபிக்க 90 பவுண். தவணையாகக் கட்டலாம் என்று சொன்னார்கள், கட்டி முடித்தால்தான் விண்ணப்பம் நகரும். கடன் எல்லை 2015இல், 2021இல், 2024இல் என்று ஏறிக்கொண்டு போனது, சொத்து எல்லையும் 2015இல், 2021இல் ஏறியது. இப்போது கடன் எல்லை 50,000 பவுண். கட்டணத்தை மட்டும் 2024 ஏப்ரல் வரை விடவில்லை. காசில்லாத ஆளிடம் காசில்லை என்று சொல்லக் காசு கேட்கக்கூடாது என்பதை விளங்கிக்கொள்ள 15 வருடம்.

எங்கட நாட்டில் சித்தி மாதிரி ஒருவருக்கு இந்த அளவுக்குக்கூட ஒரு வழி இல்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டத்தை அங்கீகரித்தது, 2024இல் கடன் கொடுத்த நாடுகளோடும் பிணைமுறி வைத்திருந்தவர்களோடும் மறுசீரமைப்பு நடந்தது. அதே 2024இல், வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடுகிற பராட்டே அதிகாரம், தொழில்முயற்சியாளர்களின் கோரிக்கையால் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாட்டுக்கு ஒரு மேசை இருந்தது, காணியும் கட்டிடமும் உள்ளவர்களுக்கு ஒரு மேசை இருந்தது. சித்திக்கும் ஒரு மேசை கேட்கிறோம். கட்டணம் இல்லாமல், பிரதேச செயலகத்தில், தமிழிலும் சிங்களத்திலும். கடன் கொடுத்தவரின் கொப்பியை மட்டும் பார்க்காமல், அடகுக் கடைத் துண்டையும் எடுத்துப் பார்க்கிற மேசை. "ஏன் நீங்கள் கட்டாமல் விடவில்லை?" என்று கேட்காத மேசை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் சித்தியிடம் போனோம். பை இன்னும் இருக்கிறது. கடன் எல்லாம் கட்டி முடிந்துவிட்டது, கொடி மட்டும் திரும்பி வரவில்லை, ஏலத்தில் போய்விட்டது. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, "என்ன படிக்கிறியள்?" என்று கேட்டா. டிக்கன்ஸ் கதையைச் சொன்னோம். தகப்பன் சிறையில் இருந்ததற்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பீட்டாளர் கதை வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தா.

"அந்த மணிக்கூட்டை அவன் எடுத்துக் காட்டினவனோ?"

இல்லை, பொக்கற்றுக்குள்ளேயே வைத்திருந்தானாம் என்றோம்.

"நல்ல காலம்" என்றா சித்தி.